துஆக் கேட்ட கை

2.6.1982
நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, ரேடியோவைக் கூடத்திலிருந்து குசினி அடுப்படிக்கு மாற்றுவதென்று இன்று தீர்மானிக்கப்பட்டது. முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவள் மனைவி ஹாஜறா. அவளுடைய தம்பி கலந்தருக்கு ரேடியோ ஆகவில்லை. செய்தி வாசிப்பவர் தன்னைப் பற்றித்தான் வாசிக்கிறாராம். "நெல்லு விலை எண்டு சொல்றது என்னைத்தான் மச்சான்." வயது இருபத்து நான்கு.

4.6
குசினியிலிருந்தும் கேட்கிறதாம்.

9.6
கல்முனை டாக்டரிடம் தனியாகப் போனேன். கலந்தர் வர மறுத்துவிட்டான். மனப்பிளவு நோய்போல இருக்கிறது, எப்படியாவது கூட்டி வாருங்கள் என்றார். படிக்க ஒரு புத்தகமும் தந்தார். வந்து ஹாஜறாவிடம் சொன்னேன்.
"மனம் பிளந்தா ரெண்டு ஆளா வருவானா?"
இல்லை, நினைப்பும் நிசமும் பிரிந்துபோவது என்றேன்.
"அப்ப ஜின்தான்."
வீடு அவளுடைய சீதனம். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற நான் ஊருக்குச் சேர்; இங்கே பதினாறு வருடமாக மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்குக் கருத்து உண்டு, வாக்கு இல்லை. மாலையில் கலந்தரின் மணிக்கட்டில் ஓதிய நூல் ஏறியது.

20.6
கலந்தர் பேச்சை நிறுத்திவிட்டான். சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே. நூல் வேலை செய்கிறது என்கிறாள் ஹாஜறா.

25.6
நோன்பு தொடங்கிவிட்டது. கலந்தர் அதற்கு முன்பே சோற்றை விட்டவன். ஹாஜறா கரண்டியால் ஊற்றும் தண்ணீரில் பாதி தாடையில் வழிகிறது. அடுத்த வீட்டு இப்றாஹிம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.
"பகலும் நோன்பு, ராவும் நோன்பு. இது சும்மா ஆள் இல்ல சேர்."
"ராவில நோன்பு கிடையாது, இப்றாஹிம்."
"நமக்குக் கிடையாது."
தர்காவில் கட்டுவதுபோலக் கேற்றில் பச்சைக் கொடி கட்டிவிட்டுப் போனார்.

புத்தகம் சொல்வது: நோய் ஒன்று, வடிவங்கள் பல. ஒருவனுக்குச் சந்தேகம் முற்றும். ஒருவன் காரணமில்லாமல் சிரித்துத் தாறுமாறாகக் கதைப்பான். ஒருவன் மரம்போல உறைந்துபோவான். ஒருவன் ஓசையின்றிச் சுருங்கி எதிலும் ஒட்டாமல் போவான். ஒரே ஆளிடம் ஒன்று மாறி இன்னொன்றும் வரலாம். நம் ஊரும் இதை எப்போதோ வகைப்படுத்தி வைத்திருக்கிறது. சந்தேகப்பட்டால் ஜின். சிரித்தால் சூனியம். சுருங்கினால் சோம்பேறி. உறைந்தால் வலியுல்லா, இறைநேசர். எண்ணிக்கை சரியாகப் பொருந்துகிறது.

27.6
கொடியைக் கண்டு ஊரே வந்து நிற்கிறது. என்ன சனம் இது? ஒரு மனிசன் பட்டினி கிடந்து சாகப் பார்க்கிறான், அவனுக்கு முன்னால ஊதுபத்தியா? ஆஸ்பத்திரி என்று வாய் திறந்தால், ஹாஜறா அறையை விட்டு எழும்பிப் போகிறாள்.

29.6
சட்டை மாற்றக் கலந்தரின் வலது கையைத் தூக்கினேன். பொத்தான் ஒன்று கழன்று கட்டிலுக்கடியில் ஓடியது. தேடி எடுத்து நிமிர்ந்தால், கை தூக்கியபடியே நிற்கிறது. உறைந்தவனின் கை வைத்த இடத்திலேயே நிற்குமென்று புத்தகத்தில் இருந்தது நினைவுக்கு வந்தது. சோதித்துப் பார்க்க மற்றக் கையையும் தூக்கினேன். புத்தி அவ்வளவுதான். அதுவும் நின்றது.

கதவடியில் நின்றவள் ஸகியா. மகனுக்குச் சவூதி விசா கிடைக்க வேண்டுமென்று வந்தவள். அவளும் பிரார்த்தனைக்கு இரு கைகளையும் ஏந்தி "ஆமீன்" என்றாள். பின்னால் நின்ற ஆறு பேரும் ஆமீன். நான் கலந்தரின் கைகளை இறக்கிவிட்டேன்.
"துஆவைப் பாதியில நிப்பாட்டிட்டீங்களே சேர்" என்றாள் ஸகியா. கண் கலங்கியிருந்தது.
தூக்கினது நான்தான் என்றேன். ஒருவரும் நம்பவில்லை. ஹாஜறா தம்பியின் கைகளையே பார்த்தாள்.

30.6
காலையில் ஹாஜறா தம்பியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் கழித்துக் குசினிக்கு வந்தாள்.
"நான் வெச்ச இடத்தில நிக்கிது."
"ஓம்."
"கீழ வெச்சா கீழ. மேல வெச்சா மேல."
"ஓம்."
"அப்ப அது அவன்ட துஆ இல்ல."
"இல்ல."
"வேனைக் கூப்பிடுங்க."

கேற்றடியில் இப்றாஹிம் மறித்தார், இந்த நல்ல மாதத்தில் வலியுல்லாவை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று. ஹாஜறா, "வழிய விடுங்க இப்றாஹிம் காக்கா. அது என்ட தம்பி" என்றாள்.

1.7
கல்முனையில் சேலைன் ஏற்றினார்கள். இன்னும் இரண்டு நாள் பிந்தியிருந்தால் என்று தொடங்கிய டாக்டர், ஹாஜறாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நாளை கொழும்புக்கு, மனநோய் ஆஸ்பத்திரிக்கு.

9.8
கலந்தர் வீட்டுக்கு வந்து ஐந்து நாள். மருந்தினால் கை நடுங்குகிறது. கதைக்கிறான். ரேடியோ இன்னும் அவனைப் பற்றிச் சொல்கிறதாம், "ஆனா கொஞ்சம் தள்ளிக் கேட்குது மச்சான்." பார்க்க ஒருவரும் வருவதில்லை. கொடியை இப்றாஹிம் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஸகியாவின் மகனுக்கு விசா வந்துவிட்டது. ஒரு தட்டு வட்டிலப்பம் அனுப்பியிருந்தாள். கலந்தர் முழுவதையும் சாப்பிட்டான்.