ஆறு பள்ளிகளும் ஒரு மேஸ்திரியும்

அக்கா,

திரையில் உங்கள் பெயரை ஒட்டி இருந்த படம் இன்று காலை இல்லை. வட்டத்துக்குள் உங்கள் பெயரின் முதல் எழுத்து மட்டும் சாம்பல் நிறத்தில் நின்றது. உங்கள் இடத்துக்கு வந்த புதிய சார், வேலைகளைப் பதியும் மென்பொருளில் உங்கள் கணக்கை மூடத் தொடங்கியிருந்தார். "அவங்க பேர எடுத்துடும்மா. ஏதோ கேள்வி கேக்குது, நீயே பாத்துப் போட்டுடு," என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார். அழுத்தினேன். இவர் பெயரில் ஒன்பது வேலைகள் முடியாமல் இருக்கின்றன, யாருக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டது. ஒன்பதும் ஜோகுபாளையத்துப் பள்ளியின் வேலைகள். யாரும் எடுக்காவிட்டால், ஜூனில் பள்ளி திறக்கும்போது பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குக் கதவு இருக்காது.

கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இந்த மென்பொருளை நீங்கள் தேர்ந்தெடுத்த நாட்கள் நினைவுக்கு வந்தன.

அப்போது நம் ஆபீஸிலிருந்து ஆறு பள்ளிகளை ஒரே சமயத்தில் பழுதுபார்த்துக்கொண்டிருந்தோம். பள்ளிக்கு ஒரு நோட்டு. ஒவ்வொரு நோட்டும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஆறு வேலைகளும் தாமதம். மென்பொருள் காட்ட நான்கு கம்பெனிக்காரர்கள் வருவதாக இருந்தது. முதல் ஆள் வந்த அன்று நான் காபி கொண்டுவந்தேன். அப்போது எனக்கு அந்த வேலைதான்.

நம் நோட்டுகளில் இருந்ததை அவர் அப்படியே ஏற்றிக் காட்டினார். "ஆறு ப்ராஜெக்ட்டும் ஒரே ஸ்க்ரீன் மேடம். பாருங்க, எல்லாமே க்ரீன்!"

செவ்வாய்க்கிழமைக்கு மூன்று பள்ளிகளில் மேஸ்திரி மாரியண்ணன் பெயர் இருந்தது. மூன்றும் பச்சை. என்னையறியாமல் சிரித்துவிட்டேன்.

"என்னம்மா?" என்றீர்கள்.

"ஒண்ணுமில்லக்கா."

"பரவால்ல, சொல்லு."

"மாரியண்ணன் எங்க தெருதான்க்கா. 'நா இன்னா ஆறுமுகமா, ஆறு ஸ்கூலுக்கும் ஒரே நாள்ல வர்றதுக்கு?'ன்னு நேத்துகூட கத்துனாரு."

கம்பெனிக்காரர் பெரிதாகச் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. "தம்பி, இதுக்கு உங்க ஸ்க்ரீன் என்ன சொல்லுது?"

"அது வந்து... ஆளுங்கள நீங்க தனியா செக் பண்ணிக்கணும் மேடம்."

"அதத்தானே இப்பவும் பண்றோம்."

என்னென்ன வசதி வேண்டும் என்று நீங்கள் எழுதிய நீளமான பட்டியல் மேசையில் கிடந்தது. அதன் உச்சியில் ஒரு வரி சேர்த்தீர்கள்: 'மாரியண்ணனை ஒரே நாளில் மூன்று இடத்தில் போட்டுக் காட்டவும்.' நான் வாய் தவறிச் சொன்னது உங்கள் கையெழுத்தில், எல்லாவற்றுக்கும் மேலே. காபி டம்ளர்களை எடுக்க மறந்து நின்றேன்.

அடுத்த இரண்டு பேரும் அந்த வரியிலேயே தோற்றார்கள். ஒருவர் காட்டிய வரைபடங்கள் எவ்வளவு அழகு! நான்காவதில் அழகே இல்லை. ஆனால் பெயரை இரண்டாம் பள்ளியில் போட்டதுமே செவ்வாய்க்கிழமை சிவந்தது. மூன்றாவதில் போட்டபோது பின்னால் இருந்த நாட்களும் வரிசையாகச் சிவந்துகொண்டே போயின. ஆறு பள்ளிகளும் ஒரே மனிதரின் கைகளில் தொங்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

"பாத்தியா?" என்றீர்கள் மெதுவாக. "தனித்தனியா பாத்தா எல்லாம் சரி. சேத்துப் பாத்தாதான் யார் மேல பாரம்னு தெரியும்."

பிறகு எல்லோர் முன்னாலும், "கேள்வி இவளோடது. பதிவும் இவளே போடட்டும்," என்றீர்கள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவளிடம் ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்தீர்கள்.

பள்ளிகளைப் பிரித்துக் கொடுத்தபோது என் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஜோகுபாளையத்துப் பள்ளியை மட்டும் யாருக்கும் தரவில்லை. "அது எங்கிட்டயே இருக்கட்டும்," என்றீர்கள். உங்களுக்கு ஏற்கெனவே எவ்வளவு வேலை! ஏன் என்று நான் யோசிக்கவேயில்லை. அக்கா, அது நான் விட்டுவந்த பள்ளி. என்னைத் திரும்பக் கூப்பிட ஹெச்.எம். மிஸ் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். இரண்டு தடவையும் நான் கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இதை உங்களிடம் சொன்னதில்லை, நீங்களும் கேட்டதில்லை. ஆனால் அந்தப் பள்ளிக்கு ஒரு போன்கூட நான் செய்ய வேண்டிவராமல் பார்த்துக்கொண்டீர்கள். மழைக்காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை. அங்கிருந்து நீங்கள் திரும்பி வரவில்லை.

அந்த ஒன்பது வேலைகளையும் ஒன்றாகப் பார்த்தபோதுதான் இது எனக்குப் புரிந்தது.

கேள்விக்குக் கீழே பெயர்கள் இருந்தன. 'யாருக்கும் இல்லை' என்றும் ஒன்று இருந்தது. என் பெயரைத் தொட்டேன். பிறகு ஹெச்.எம். மிஸ்ஸுக்குப் போன் செய்து, நான் யார் என்று சொன்னேன்.