மேனேஜருக்கு மத்தியானத் தீனி

என் மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று பார்க்கிறாயா, போனில் என்றால் நீ குறுக்கே ஏதாவது சொல்லி என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய், இந்தத் தடவை எனக்குச் சிரிக்க இஷ்டமில்லை. உன் ஆமை மேனேஜர் சௌக்கியம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடுவாய். இடது கண் வீக்கமும் வடிந்துவிட்டது.

நாலு மாதமாக அதன் குளம் பச்சைப் பெயிண்டைக் கரைத்து ஊற்றினது போலக் கிடந்ததும், நான் பட்ட பாடும் உனக்குத் தெரியும். ஞாயிறுதோறும் கால்வாசித் தண்ணீரை இறைத்துவிட்டு, முந்தின நாளே பிடித்து வைத்ததை ஊற்றினேன். பாதிக் குளத்துக்கு நிழல்வலை கட்டினேன், மீதியை அது வெயில் காயட்டும் என்று விட்டேன். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவினால் நல்ல கிருமியும் செத்துவிடும் என்று கால்நடை டாக்டர் சொன்னதிலிருந்து குளத்துத் தண்ணீரிலேயே அலசினேன். குளத்துக்குள் தீனி போடுவதே இல்லை, நம் சலவைக் கடையின் பழைய நீல டப்பில் மேனேஜரை இறக்கி இருபது நிமிஷம் சாப்பிட வைத்து, வாய் துடைத்துவிடாத குறையாகத் திரும்பக் கொண்டுபோய் விடுவேன், மீந்த தீனி ஊறினால்தானே பாசிக்குக் கொண்டாட்டம். இருபத்தாறு வருஷமாகக் கறை எடுக்கிறவள் நான், எது எதனால் வந்த கறை என்று முகர்ந்தே சொல்வேன், இந்தப் பச்சைக்கு மட்டும் காரணம் தெரியாமல் மண்டை காய்ந்தேன்.

நீயோ ஒவ்வொரு சாயங்காலமும் தண்ணி தெளிஞ்சுதாம்மா என்று கேட்பாய். போன மாதம், உனக்கு வயசாகுதும்மா, முடியலைன்னா யார்கிட்டயாவது குடுத்துடலாம் என்றாய். அந்த வாரமே கண் வீங்கியது, கெட்ட தண்ணீர்தான் காரணம் என்றார் டாக்டர். சரி, நான் தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன். பூங்காவில் ஆமைகளைப் பார்த்துக்கொள்கிறவரிடம் கெஞ்சி, வியாழக்கிழமை வந்து எடுத்துப்போகச் சொன்னேன். புதன்கிழமை இஸ்திரி மேஜை முன்னால் நின்று யாரும் பார்க்காமல் அழுதேன்.

அன்றைக்குக் கரண்ட் போனதால் மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு வந்தேன். உன் அப்பா குளத்துப் பக்கத்தில் குந்தியிருந்தார், ஒரு கையில் போன், இன்னொரு கையில் தீனி டப்பா. போனுக்குள் உன் குரல். அம்மா பட்டினி போடுறாங்க, பாவம் அது, அவங்க வர்றதுக்குள்ள இன்னொரு கைப்பிடி போடுங்கப்பா என்றாய். சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டேனடி. கழுத்தை நீட்டித் தின்றுகொண்டிருந்த மேனேஜர் என் தலையைக் கண்டதும் முங்கிவிட்டது. அதுவும் உங்கள் கட்சி!

நாலு மாதமாகத் தினமும் நடக்கிறதாம். அப்பாவை விடு, யார் வாயைத் திறந்தாலும் அள்ளிப் போடுகிற கை அவருக்கு. நீ எப்படியடி செய்தாய்? மத்தியானம் அவரைத் தீனி போடச் சொல்லிவிட்டு, சாயங்காலம் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி என்னிடம் கேட்க எப்படி மனசு வந்தது? அதற்குப் பசிக்குமோ என்று சந்தேகம் இருந்தால் ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம். தீனிதான் பாசியாகிறது என்று உனக்குத் தெரியாமல் இருந்திருக்கும், அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. என் கைக்குத்தான் வலு போய்விட்டது என்று என்னையே நம்ப வைத்தாயே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. உன்னை வளர்த்ததும் இதே கைதான்.

பூங்காக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தீனி டப்பா இப்போது கடையில், சோப்புத்தூள் அலமாரிக்குள், பூட்டி. மூன்றே வாரம், தண்ணீர் தெளிந்துவிட்டது, அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். ஆனால் படம் அனுப்ப மாட்டேன். பார்க்க ஆசையிருந்தால் லீவு போட்டுவிட்டு வந்து பார்.

வேளைக்குச் சாப்பிடு, தலையை ஈரத்தோடு கட்டாதே. கோபத்தில் இருந்தாலும் உன்னை வாழ்த்தாமல் என்னால் எழுந்திருக்க முடியாது, ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இரு. மத்தியானத்தில் அப்பாவுக்குப் போன் போடாதே, சாயங்காலம் இரண்டு பேருக்கும் சேர்த்துப் போடு. நீ வந்தால் சாப்பிட என்ன செய்து வைக்கட்டும் என்று மட்டும் எழுது.

இப்படிக்கு,
பட்டினி போடுகிற உன் அம்மா