மூன்றாவது சரணம்

ஜூரோங், ஆகஸ்ட் 1979

அன்புள்ள பிரிஜட்டுக்கு,

மாதா புண்ணியத்தில் சுகமாயிருக்கிறேன். உன் காய்ச்சல் விட்டதா?

கப்பல் பட்டறையில் லீவு நாட்களில் சிராங்கூன் ரோட்டு ஓட்டலொன்றில் கிடார் வாசித்து, நானே கட்டிய பாட்டுகளைப் பாடுகிறேன் அல்லவா? இதுவரை ஒருவரும் தட்டிலிருந்து தலைதூக்கியதில்லை. போன ஞாயிறு உன் கடிதத்தையே பாட்டாக்கினேன். "உங்க போட்டோவைக் காட்டினா பாப்பா மாமாங்கிறா" என்ற இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "இன்னொருவாட்டி பாடுங்க லா" என்றார் ஓட்டல் முதலாளி, இந்த ஊர்ப் பேச்சில்.

மூன்றாவது சரணத்துக்கு வரி இல்லை. நீ அழுதுகொண்டே எழுதினால்தான் சரியாக விழுகிறது, சீக்கிரம் எழுது. பாப்பா படமும் ஒன்று வை. தலையணைக்கடியில் இருந்தது வியர்வையில் அழிந்துவிட்டது.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. அவள் இப்போது அப்பா என்று சொல்லத் தொடங்கியிருந்தால், அதை மட்டும் எழுதாதே. பாட்டு கெட்டுவிடும்.

உன்
ஆம்ப்ரோஸ்