வியாழக்கிழமைச் சிவப்பு

மார்ச் 8

அன்புள்ள கார்னட்,

உங்கள் இடுப்பு எலும்பும் உங்கள் மகளின் பொறுமையும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். கெலோனாவில் பனி கரைந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். இங்கே தபால் பெட்டியின் தலை மட்டும்தான் வெளியே தெரிகிறது. ஏரி இன்னும் உறைந்தே கிடக்கிறது. மற்றபடி சுகம்.

உங்கள் தங்கை வெர்னா தொலைபேசியில் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருக்கலாம். அந்தச் சந்தேகத்தினால்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஜனவரியில் எனக்குக் கொழுப்பு கொஞ்சம் கூடியிருப்பதாகப் பரிசோதனையில் வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நூலகம் வரை நடந்தேன். அங்கே ஒரு பழைய புத்தகத்தில், நியாசின் என்ற வைட்டமின் கொழுப்பைக் குறைக்கும் என்று இருந்தது. திரும்பும் வழியில் ஒரு புட்டி வாங்கினேன். வைட்டமின்தானே, டாக்டரிடம் கேட்பானேன் என்று இருந்துவிட்டேன். முப்பத்தொரு வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் செய்கிற காரியமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன், தாமதமாக.

அதை விழுங்கிய இருபத்தைந்தாம் நிமிடம் காது மடல் சுடத் தொடங்கும். பிறகு கன்னம், கழுத்து, மார்பு. வெந்த நண்டு போல ஆகிவிடுவேன். அரிப்பு வேறு. முக்கால் மணி நேரத்தில் அடங்கிவிடும். தினமும் நோட்டில் குறித்து வந்தேன். ஈரத்துணி சுமார். குளிர்ந்த நீர் பயனில்லை. சட்டையைத் திறந்துவிட்டுக்கொண்டு வாசல் பனியில் நிற்பதுதான் உத்தமம். ஆனால் எதிர்வீட்டு அம்மாள் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனதால் அதைக் கைவிட்டேன்.

மாத்திரை மாலை ஆறே முக்காலுக்கு. வியாழக்கிழமைச் சீட்டாட்டம் ஏழு மணிக்கு. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன் நீங்கள் மகள் வீட்டுக்குப் போனதிலிருந்து ஆட்டத்தில் வெர்னாதான் என் கூட்டாளி. நான் சிவந்தேன், அவர் துருப்பு சொன்னார், ஜெயித்தோம். மூன்று வாரம் இப்படியே நடந்தது. நான்காவது வாரம் எங்களை எதிர்த்து ஆடிய ஃபெர்ரிஸ் டன்லப் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். "இந்த மனுஷன் மூஞ்சி என்ன சிக்னல் விளக்கா? சிவப்பு எரிஞ்சா இந்தம்மா துருப்பு சொல்றாங்க!" என்றார்.

கூட்டாளிக்கு ஜாடை காட்டினால் ஒரு வருடம் ஆட முடியாது. அந்த விதியை எழுதியவரே வெர்னா என்பது உங்களுக்குத் தெரியும். "அம்பது வருஷமா ஆடறேன், எனக்கு எதுக்குடா ஜாடை? உன் மூஞ்சியைப் பார்த்தாலே உன் கையில இருக்கிற அஞ்சு சீட்டும் தெரியுதே!" என்று ஃபெர்ரிஸைப் பார்த்துச் சத்தம் போட்டார். ஆனால் சீட்டுகளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். நான் பார்த்தேன்.

சங்கத் தலைவி மில்ட்ரெட் சமாதானமாக முடிக்கப் பார்த்தார். "லோர்ன், வேற காரணம்னா சொல்லிடுங்க. வெர்னாவைப் பார்த்தா வெக்கம் வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க போதும், ஆட்டத்தைத் தொடரலாம்" என்றார். கூடமே சிரித்தது. வெர்னா மட்டும் சிரிக்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படி ஒன்றும் இல்லை என்றேன். வகுப்பில் பேசுவது போல, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னேன். காரணம் ஒரு மாத்திரை, அடுத்த வாரம் நிரூபிக்கிறேன் என்றும் சொன்னேன்.

அடுத்த வியாழன் யாரும் சீட்டைத் தொடவில்லை. நாற்பது பேர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து மாத்திரையை விழுங்கினேன். எல்லோரும் ஒரு கண்ணால் கடிகாரத்தையும் மறு கண்ணால் என் கன்னத்தையும் பார்த்தார்கள். இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. முப்பது ஆயிற்று. ஒன்றுமில்லை. "பழம் பழுக்க லேட்டாகுதே சார்!" என்றார் ஃபெர்ரிஸ். வெர்னாவின் முகத்தில் ரத்தமே இல்லை. பயத்தில் அன்று உருளைக்கிழங்கும் இறைச்சியும் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தேன். வயிறு நிறைந்திருந்தால் மாத்திரை மெதுவாகத்தான் வேலை செய்யும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மில்ட்ரெட் பரிதாபப்பட்டுச் சூடாகத் தேநீர் கொடுத்தார். முப்பத்தெட்டாம் நிமிடம் இடது காது சுட்டது. "எரியுது! எரியுது!" என்று முதலில் கத்தியவர் ஃபெர்ரிஸ்தான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவர் எல்லோர் முன்னிலும் வெர்னாவிடம் மன்னிப்புக் கேட்டார்.

மறுநாள் டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். "கடையில யாரு கேட்டாலும் கிடைக்குதுன்னா அது மிட்டாயா சார்?" என்று திட்டிவிட்டு, ஈரலைச் சோதித்தார். பழுதில்லை. மாத்திரையை நிறுத்தியாயிற்று. இதுவரை எல்லாம் நல்ல செய்திதான்.

இனி எழுதப்போவது அவ்வளவு தெளிவாக வராது.

நிரூபித்த அன்று இரவு வெர்னாவை என் காரில் வீட்டில் விட்டேன். வழக்கமாகக் கூடத்திலிருந்து அவர் வீட்டு வாசல் வரை மூச்சு விடாமல் பேசுவார். அன்று பாலம் தாண்டும் வரை பேச்சே இல்லை. பிறகு, "அப்போ எல்லாம் மாத்திரைதான்" என்றார். ஆமாம் என்றேன். "நல்லதாப் போச்சு" என்று இறங்கி, கதவைச் சாத்தினார். மெதுவாகச் சாத்தினார், கார்னட். உங்கள் தங்கை ஒரு கார் கதவை மெதுவாகச் சாத்தி நான் கேட்டதே இல்லை.

அதற்குப்பின் மூன்று வியாழன் அவர் வரவில்லை. ஜலதோஷம் என்கிறார்கள். கடையில் பார்த்தவர்கள் ஜலதோஷம் இல்லை என்கிறார்கள்.

யோசித்துப் பார்த்தேன். மாத்திரை ஒருவனைச் சிவக்க வைக்கும் என்பதைத்தான் என் சோதனை காட்டியது. வேறெதுவும் அவனைச் சிவக்க வைக்காது என்று அது காட்டவில்லை. இந்தத் தர்க்கப் பிழைக்கு மாணவர்களிடம் மதிப்பெண் குறைத்திருக்கிறேன். நானே அதை நாற்பது பேர் முன்னால் செய்துவிட்டேன்.

இருபத்திரண்டாம் தேதி, ஞாயிறு, மூன்று மணிக்கு அவர் வீட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். என்ன சொல்வது என்பதை ஐந்து முறை எழுதிப் பார்த்தேன். நாலு வரிதான். தனித்தாளில் இணைத்திருக்கிறேன். அவருக்குப் பிடிக்காத சொல் ஏதும் இருந்தால் அடித்துவிடுங்கள். எழுபத்தாறு வயதில் இது அசட்டுத்தனம் என்று பட்டால் முழுவதையும் அடித்துவிடுங்கள், வருந்த மாட்டேன்.

திருத்தம் ஏதுமின்றித் தாள் திரும்பி வந்தால், அண்ணனாகிய உங்கள் ஆசி என்று எடுத்துக்கொள்வேன். வரவே வராவிட்டால், தபால் தாமதம் என்று எடுத்துக்கொண்டு, எப்படியும் போய்விடுவேன்.

தங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கும்,
லோர்ன் ஹேவர்ஸ்டாக்