நெஞ்சுத் தகட்டின் பூ

1957 மார்ச் 4

ஓர்ஸ் ஹில்லில் இன்னொரு துரை வீடு காலியாகிறது. வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை ஒப்படைக்கப்போகிறார்கள் என்ற கதை வந்ததிலிருந்து எனக்கு ஓய்வில்லை. கதிரை, அலுமாரி, பியானோ, நாய்க்கூடு வரைக்கும் என் கடை வழியாகத்தான் ஊருக்குள் இறங்குகின்றன.

இன்று ஒரு தேக்குப் பெட்டி. உள்ளே நான்கு தகடுகள். தேநீர்த் தட்டம் என்று நினைத்து ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தேன். துரை சிரித்தார். அவருடைய பாட்டன் இந்தியாவில் வாங்கிய கவசமாம். நெஞ்சுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, இரண்டு விலாவுக்கும் ஒவ்வொன்று. வார் போட்டு உடம்பில் கட்டுவது. கறுத்த உருக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு பொன்பூ, சுற்றிவர விளிம்பில் பொன்னால் எழுத்து. எழுத்தைப் பார்த்ததும் தகட்டைத் தரையிலிருந்து எடுத்துவிட்டேன். குர்ஆன் ஆயத்து. நிலத்தில் வைக்கிற பொருளில்லை.

மூன்று தகட்டில் பூ சரியாக நடுவில் இருக்கிறது. நெஞ்சுத் தகட்டில் மட்டும் கட்டுகிறவரின் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறது. ஏன்?

மார்ச் 6

இராசையாப் பத்தரிடம் கொண்டுபோனேன். மகள் பரீதாவின் கலியாண நகை அவர் செய்தது. தகட்டையும் பார்த்தார், என் வயிற்றையும் பார்த்தார். "இது உங்களுக்குக் காணாது முதலாளி, இன்னும் ரெண்டு தகடு வேணும்" என்றார்.

பொன் முலாம் இல்லையாம். உருக்கில் உளியால் குறுக்கும் நெடுக்கும் மயிரளவு கீறி, அந்தச் சொரசொரப்பில் பொன் கம்பியை வைத்துத் தட்டித் தட்டி உட்கார வைத்திருக்கிறார்கள். ஒட்டவைக்கப் பற்றாசு கிடையாது. கீறலின் பிடிதான் பிடி. தண்ணீர் மட்டும் காட்டக்கூடாது, அடியில் துரு ஏறினால் பொன் தன்பாட்டில் கழலும் என்றார்.

பூவைப் பற்றிக் கேட்டேன். பின்பக்கத்தில் ஒட்டியிருந்த பட்டுத் துணியின் ஓரத்தைக் கிளப்பினார். உள்ளே பெருவிரல் நகமளவு ஒரு வட்டம். துவக்குக் குண்டு போன ஓட்டை. இரும்பால் அடைத்து, முன்பக்கம் தெரியாமல் இருக்க அதன்மேல் பூவைப் பரப்பியிருக்கிறார்கள். இருதயம் இருக்கிற பக்கம்.

துணியைத் திரும்ப ஒட்டுவித்தேன். கொழும்பில் பழம்பொருள் வியாபாரம் செய்யும் ஞானசேகரத்துக்குக் கடிதம் போட்டேன். ஓட்டையைப் பற்றி எழுதவில்லை. பழுதை நேரில், விலைக்கு முன்னால் சொல்வது என் முறை. முன்னர் துறைமுகத்தில் கூடை சுமந்த என்னை நாலுபேர் நம்பிக் கடைக்குள் வருவது அதனால்தான்.

மார்ச் 21

மகளுக்கு ஐந்தாம் மாதம். முதல் பிள்ளை பிறக்கும்போதே மூச்சில்லை. இரண்டாவது மூன்று நாள் இருந்தது. இரண்டும் பிறந்தது வீட்டில்தான். இந்த முறை ஆஸ்பத்திரியில்தான் பெறவேண்டும் என்று டாக்டர் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பரீதா வரமாட்டாள். போனவர்கள் திரும்புவதில்லை என்று அவளுடைய உம்மா மைமூனா சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறாள். மருமகன் அன்ஸார் வாயே திறப்பதில்லை.

ஏப்ரல் 9

நோன்பு. பகல் லுஹர் தொழுதுவிட்டு, கடைக்குப் பின்னாலிருக்கும் வீட்டுக்குள் போனேன். குசினியில் மைமூனா நெஞ்சுத் தகட்டைச் சாய்த்துப் பிடித்திருக்கிறாள். எழுத்தின்மேல் வார்த்த தண்ணீர் கோப்பைக்குள் வழிகிறது. பிள்ளைத்தாச்சி என்பதால் நோன்பில்லாத பரீதா குடிக்கக் காத்திருக்கிறாள்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைத்தாச்சிக்குப் பள்ளிவாசல் லெப்பை வெள்ளைப் பீங்கான் தட்டில் குங்குமப்பூ மையால் ஆயத்து எழுதிக் கொடுப்பார். அதைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள். பொன்னில் எழுதியது வீட்டில் இருக்கும்போது பீங்கான் எதற்கு என்று இவள் நினைத்திருக்கிறாள். அலுமாரியில் வைத்தவன் நான். தண்ணீர் படக்கூடாதென்று இவர்களுக்குச் சொல்லாதவனும் நான்.

சத்தம் போட்டேன். லெப்பையிடம் இப்போதே பீங்கான் எழுதுவித்துத் தருகிறேன், அதுவும் இதே ஆயத்துத்தான் என்றேன். பரீதா தகட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எழுத்துக்காக மட்டும் இல்ல வாப்பா. இதப் போட்டுக்கிட்டுச் சண்டைக்குப் போன மனிசன்ட நெஞ்சப் பாருங்க. ஒரு கீறல் இருக்கா?"

சொல்ல வாயெடுத்தேன். அவளுடைய கை வயிற்றின்மேல் இருந்தது. சொல்லவில்லை.

ஏப்ரல் 10

தகட்டைத் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசினேன். அவள் கழுவிக் குடிப்பதை விடப்போவதில்லை, இனி நாளும் இதுதான் வேலை.

மே 14

ஞானசேகரம் வந்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விலை பிடித்திருக்கிறது. நான்கும் சேர்ந்தால் எடுப்பார், ஒன்று குறைந்தாலும் வேண்டாமாம். அடுத்த மாதம் நடுவில் வருவதாகச் சொன்னார்.

ஓட்டையைச் சொல்லவேண்டிய இடம் அதுதான். கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள திரைக்குப் பின்னால் பரீதா நின்றாள். மழையைப் பற்றிக் கதைத்தேன்.

என் கடையில், பழுதுள்ள பொருளைப் பழுது சொல்லாமல் காட்டினேன். எழுதி வைக்கிறேன், மறக்கக்கூடாது.

மே 27

மருத்துவிச்சி ஆமினா உம்மாவுக்கு வெற்றிலை கொடுத்து வீட்டுப் பேற்றுக்கு ஒழுங்கு செய்துவிட்டார்கள். என்னிடம் கேட்கவில்லை. நான் ஆஸ்பத்திரிக் கதையை எடுத்தேன். "இது வீட்ட இருக்கக்குள்ள ஆஸ்பத்திரி எதுக்கு வாப்பா?" என்று பரீதா அலுமாரியைக் காட்டினாள். எவ்வளவு நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் அந்தத் தெளிச்சி.

ஓட்டையைச் சொன்னால் அந்த முகம் போகும். சொல்லாவிட்டால் — அவளே போனால்? எதை நான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்? பிள்ளையையா, பிள்ளையின் முகத்தையா?

ஜூன் 11

எண்ணெய் போதவில்லை. பூவின் அடியில் துரு ஏறிவிட்டது. இன்று தண்ணீரோடு இரண்டு இதழ் கோப்பைக்குள் விழுந்ததாம். என்னைக் கூப்பிட்டாள். போனபோது அவளுடைய விரல் இதழ் விழுந்த இடத்தில் தெரிந்த அந்த வட்டத்தின் மேல் இருந்தது.

இது என்ன என்று கேட்டாள். சொன்னேன். எப்போதிருந்து தெரியும் என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.

கோப்பைத் தண்ணீரை மெல்ல முற்றத்து முருங்கையடியில் ஊற்றினாள். இதழ் இரண்டையும் நெருப்புப் பெட்டிக்குள் போட்டாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

ஜூன் 12

பரீதா சாப்பிடவில்லை. மைமூனா என்னோடு கதைக்கவில்லை. பெருநாள் கழிந்த வீட்டில் நோன்பு.

ஜூன் 15

ஞானசேகரம் சொன்னபடி வந்துவிட்டார். அவர் கதிரையில் உட்கார முன்னரே தகட்டை மேசையில் வைத்து ஓட்டையைக் காட்டினேன். போன முறை தெரிந்துகொண்டே மறைத்தேன் என்றும் சொன்னேன். மனிதர் கோபிக்கவில்லை. உதிர்ந்த பொன்னைத் திரும்ப வைக்கலாம், ஓட்டையால் விலை குறையாது என்றார்.

திரைக்குப் பின்னாலிருந்து பரீதாவின் குரல் வந்தது. நாலு நாளைக்குப் பிறகு.

"வாப்பா, குண்டு பட்ட மனிசன் மவுத்தாகியிருந்தா ஆர் அதில பூ வச்சிருப்பாங்க?"

ஆறுதலாக எதையாவது சொல்லியிருக்கலாம். போதும் என்று இருந்தது. "விக்கிறவனும் வச்சிருப்பான் மகள். ஓட்டைய மறைக்க."

போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

"விழுந்த இதழ் ரெண்டும் ஒரு ஓரத்தில தேஞ்சிருக்கு. வார் உரசித் தேஞ்சது. நாளும் கழுவின எனக்குத் தெரியாதா? பூ வச்ச பிறகும் ஆரோ இதக் கட்டிக்கிட்டுப் போயிருக்காங்க வாப்பா. உள்ள ஓட்டை இருக்கெண்டு தெரிஞ்சுதானே போயிருப்பாங்க."

ஞானசேகரம் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, மிஞ்சியிருந்த இதழ்களைப் பார்த்தார். வார் போகிற பக்கத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"ஆஸ்பத்திரிக்குப் போவம். நாளைக்கு டாக்டர் அம்மாட்டச் சொல்லுங்க" என்றாள் பரீதா. மைமூனா ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்தியது கேட்டது.

ஞானசேகரம் பணப்பையைத் திறந்தார். விற்கவில்லை என்றேன். விலை காணாதா என்று கேட்டார். காணும் என்றேன். பிறகு ஏன் என்றார். நான் தகட்டை எடுத்து அலுமாரியில் வைத்தேன். தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

ஜூலை 3

ஆஸ்பத்திரி விறாந்தை. பிள்ளை குறுக்கே கிடந்ததாம். வீட்டில் என்றால் தாயும் பிள்ளையும் இரண்டுமே போயிருக்கும் என்று டாக்டர் அம்மா சொன்னார். வயிற்றை வெட்டி எடுத்தார்கள். பெண். அழுத சத்தம் விறாந்தைவரை வந்தது. மைமூனா எழும்பிக் கதவடிக்குப் போனாள்.

பரீதாவுக்கு இன்னும் மயக்கம் தெளியவில்லை. அன்ஸார் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். யா அல்லாஹ்.

ஜூலை 4

கண் விழித்தாள். தண்ணீர் கேட்டாள்.

ஜூலை 16

முடி இறக்கவேண்டிய ஏழாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டது. இன்று பதினாலாம் நாள், பிள்ளைக்கு முடி இறக்கினோம். பெயர் ஸுல்பிகா. முடியின் நிறைக்கு வெள்ளி கொடுக்கவேண்டும். இராசையாப் பத்தர் பொன் நிறுக்கிற சின்னத் தராசைக் கொண்டுவந்து, மூச்சை அடக்கிக்கொண்டு நிறுத்தார். தராசு அசைந்ததாகவே தெரியவில்லை. நான் ஒரு கைப்பிடி வெள்ளிக் காசை ஏழைகளுக்கு எடுத்து வைத்தேன். "இதென்ன நிறுவை முதலாளி, கடையிலயும் இப்பிடித்தானோ?" என்றார் பத்தர். மைமூனா சிரித்துவிட்டாள்.

போகும்போது இதழ்களைத் தந்தால் பூவைச் சரிசெய்து தருவதாகச் சொன்னார். பரீதா நெருப்புப் பெட்டியைக் கொண்டுவந்தாள். திறந்து பார்த்தாள். பிறகு மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒக்டோபர் 22

தளத்தை ஒப்படைத்தாயிற்று. துரைமாரின் பெட்டிகளும் குறைந்துவிட்டன. நான்கு தகட்டையும் கடையில், என் தலைக்கு மேலே மாட்டியிருக்கிறேன். எண்ணெய் பூசுவது நான்தான்.

இன்று கப்பலேறப்போகிற ஒருவர் வந்து நெஞ்சுத் தகட்டுக்கு விலை கேட்டார். விற்பனைக்கில்லை என்றேன். உள்ளே பிள்ளை அழுதது, பரீதா தாலாட்டுச் சொன்னாள். அந்த மனிதர் பார்த்துக்கொண்டே நின்றார். நான் எழும்பி, தகட்டைக் கழற்றி எடுத்து, கேட்காமலே ஓட்டையைக் காட்டினேன்.