யார் பேரில் மிளகாய் அரைப்பது?

ஆனைமலை,
6.10.2025

கிருபாசங்கருக்கு,

உன் அக்கா சண்முகப்பிரியா எழுதுவது. பழக்கதோஷத்தில் 'அன்புள்ள' என்று ஆரம்பித்து, பிறகு அதை அடித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன்.

நேற்று நீ வாட்ஸப்பில் அனுப்பியதைப் படித்தேன். நம்ப முடியாமல் மறுபடியும் படித்தேன். "என் வாழ்வின் ஒவ்வொரு கட்டத்திலும் தாங்கள் அளித்த அரவணைப்புக்கு என்றும் நன்றியுடையவன். தங்கள் மன அமைதியைக் கருத்தில் கொண்டு, இணைச்சீர்ப் பொறுப்பிலிருந்து தங்களை அன்புடன் விடுவிக்க விரும்புகிறோம்." என்னை எப்போதடா நீ 'தாங்கள்' என்று கூப்பிட்டிருக்கிறாய்? நான் வேலை பார்க்கும் கயிறு கம்பெனியில் போன மாதம் வாட்ச்மேனை நிறுத்தினார்கள். அந்தக் காகிதத்தில்கூட இவ்வளவு தேன் தடவவில்லை.

உன் கல்யாணத்தில், தாலி கட்டுவதற்கு முன், நானும் மணப்பெண் மாதிரி உடுத்திக்கொண்டு உன் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். கூறைச்சேலையின் ஒரு முனை உன்னிடம், மறுமுனை என்னிடம். புதிதாக ஒருத்தி வந்தாலும் கூடப் பிறந்தவளுக்கு இந்த வீட்டில் பாத்தியதை போகவில்லை என்று சபை பார்க்கச் செய்கிற சீர் அது. அதை உனக்கு நான் விளக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் வயிற்றெரிச்சல். அதைப் 'பொறுப்பு' என்கிறாய். அதிலிருந்து என்னை 'விடுவிக்கிறாய்'.

விவாகரத்து முடிந்து நான் சிங்காநல்லூருக்கு, நம் வீட்டுக்கு வந்த அன்று, வாசலில் தயங்கி நின்றவளிடமிருந்து பெட்டியைப் பிடுங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தவன் நீ. "இது உங்க ஊடு அக்கா, யாரையும் கேக்க வேண்டாமுங்க" என்றாய். அந்தப் பேச்சை நம்பித்தான், வேலைக்காக ஆனைமலைக்கு வந்த பிறகும், ஆறு வருடமாகத் தலை நிமிர்ந்து நடக்கிறேன்.

இந்த மெசேஜை உன் ஏஐ எழுதிக்கொடுத்தது என்று எனக்குத் தெரியாமலா இருக்கும்? உன் பட்டறையில் யாருக்கு எந்த ஷிப்ட் என்று அதனிடம் கேட்டாய், நல்லது. அம்மாவின் சர்க்கரைக்கு என்ன சமைப்பது என்று கேட்டாய், சர்க்கரையும் இறங்கியது, நானே சந்தோஷப்பட்டேன். கல்யாணப் பந்திக்கு எத்தனை கிலோ பருப்பு என்றுகூடக் கேட்டுக்கொள். அக்காவை மேடையிலிருந்து இறக்குவதையும் அதனிடமா கேட்பாய்?

இனி போனில் எனக்கு எதுவும் அனுப்பாதே. உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். சொல்ல ஏதாவது இருந்தால் காகிதத்தில், உன் கையால் எழுது.

சண்முகப்பிரியா


சிங்காநல்லூர்,
9.10.2025

பேரன்பிற்குரிய அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் மனதில் எழுந்துள்ள வேதனையை முழுமையாகப் புரிந்துகொள்கிறேன். தங்கள் உணர்வுகள் நியாயமானவை. இத்தகைய சூழலில் கோபம் கொள்வது இயல்பானதே.

எங்கள் நோக்கம் தங்களைக் காயப்படுத்துவது அல்ல. மாறாக, பலர் கூடும் சபையில் தங்களுக்கு எவ்விதச் சங்கடமும் நேராமல் பாதுகாப்பதே. திருமணத்தின் மற்ற நிகழ்வுகளில் தங்கள் பங்களிப்பு மிகவும் முக்கியமானது. வரவேற்பில் விருந்தினரை உபசரிக்கும் பணியைத் தாங்கள் ஏற்றால் அது நம் குடும்பத்திற்கே பெருமை சேர்க்கும். நம் உறவு இந்தச் சிறு சடங்கைவிடப் பெரியது என்பதில் தங்களுக்கும் ஐயமிருக்காது என நம்புகிறேன்.

என்றும் தங்கள் அன்புத் தம்பி,
கிருபாசங்கர்

பி.கு: அம்மா நீங்க எப்ப வருவீங்கன்னு கேட்டுட்டே இருக்குது. தீபாவளிக்கு வந்துருங்க்கா.


ஆனைமலை,
13.10.2025

கிருபா,

கையெழுத்து உன்னுடையது. மற்றபடி அந்தக் காகிதத்தில் உன்னுடையது என்று இருந்தது பி.கு. மட்டும்தான். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அது எழுதிக்கொடுத்ததைப் பார்த்து எழுதியிருக்கிறாய். கையால் எழுது என்று நான் சொன்னதற்கு இதுதான் அர்த்தம் என்று நினைத்தாயா? நான் எழுதிய காகிதத்தையும் போட்டோ எடுத்து அதனிடம் காட்டியிருப்பாய். காட்டினாயா இல்லையா?

என் உணர்வுகள் நியாயமானவையாம். அதைச் சொல்ல நீ யார்? நான் உன்னிடம் சர்டிபிகேட்டா கேட்டேன்? வாசலில் நின்று பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுக்க நான் வரலாம், மேடை ஏறக்கூடாது. இதை எழுதும்போது உன் கை கூசவில்லையா? எனக்குப் படிக்கவே கூசியது. நான் கோபத்தில் கத்தினால் நீயும் பதிலுக்குக் கத்துவாய், இரண்டு நாள் பேசாமல் இருப்போம், மூன்றாம் நாள் பூரி கிழங்கு வாங்கிக்கொண்டு வருவாய். அந்தத் தம்பியோடு எனக்குச் சண்டை போடத் தெரியும். பஞ்சுப் பொதியோடு எப்படிச் சண்டை போடுவது?

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். 'விரும்புகிறோம்', 'எங்கள் நோக்கம்' என்று பன்மையில் எழுதுகிறாயே, அந்தப் பன்மையில் யார் யார் இருக்கிறார்கள்? அம்மாவா? பெண் வீட்டாரா? இல்லை, அந்த ஏஐயேவா? யார் எடுத்த முடிவு இது?

ஏன் கேட்கிறேன் என்றால், சந்தையில் மிளகாய் வாங்கி வைத்திருக்கிறேன். மாசாணியம்மன் கோயில் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். அநியாயம் நடந்தவர்கள் அங்கே மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசிவிட்டுப் போவதைத் தினமும் பார்க்கிறேன். இத்தனை வருடத்தில், என்னை அடித்துத் துரத்தியவனுக்குக்கூட நான் அரைத்ததில்லை. இப்போது அரைக்கலாம் என்று இருக்கிறேன். ஆனால் யார் செய்தது என்று அம்மனிடம் சொல்லி அரைக்க வேண்டும். பேர் தெரியாமல் எப்படி அரைப்பது? பேரை எழுது.

தீபாவளிக்கு வரமாட்டேன்.

சண்முகப்பிரியா


சிங்காநல்லூர்,
16.10.2025

அக்காவுக்கு,

இதை நான்தான் எழுதுகிறேன். போன் அம்மாவிடம் இருக்கிறது. போதுமா?

என்னக்கா பேச்சு இது? கூடப் பிறந்தவன் கல்யாணத்துக்குக் கிளம்பும் நேரத்தில் மிளகாய் அரைப்பேன் என்று எழுதுவீர்களா? அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? எனக்கும் கோபம் வரும். நீங்கள் ஆனைமலையில் உட்கார்ந்துகொண்டு கோபப்படுவது சுலபம். இங்கே மண்டபம், சமையல், பத்திரிகை எல்லாவற்றுக்கும் நான் ஒருவன்தான் ஓடுகிறேன். அப்பா இல்லை. யோசனை கேட்க ஆளில்லை. அதனால்தான் அதனிடம் கேட்கிறேன். அதுவாவது குத்திக் காட்டாமல் பதில் சொல்கிறது.

பெண் வீட்டார் மதுக்கரையில் பெரிய குடும்பம். அக்ஷிதாவின் அப்பா திருமூர்த்தி அவர்களுக்கு அந்தப் பக்கம் எவ்வளவு செல்வாக்கு என்று உங்களுக்கே தெரியும். ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் சபையில் உங்களைப் பார்த்து, "இந்தப் புள்ள ஊட்டுக்காரரு எங்கீங்க?" என்று ஒருவர் கேட்டால் என்ன செய்வீர்கள்? மேடையிலேயே அழுவீர்கள். உங்களுக்காகத்தான் செய்தேன்.

நானாக எதுவும் முடிவு பண்ணவில்லை. அதனிடம் கேட்டேன். விவாகரத்து ஆனவர்கள் இணைச்சீருக்கு நிற்பது வழக்கமில்லை என்று அதுதான் சொன்னது. சித்தப்பா மகள் ஹர்ஷிணியிடம் பேசி, அவளும் சரி என்றுவிட்டாள். இதில் என் தப்பு என்ன?

கிருபா


ஆனைமலை,
22.10.2025

தம்பிக்கு,

உன் கடிதம் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. திட்டி எழுதியிருந்தாய். உண்மையைச் சொன்னால், படித்தபோது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. தம்பி உயிரோடுதான் இருக்கிறான் என்று தோன்றியது. கடைசிப் பத்திக்கு வந்ததும் அந்த நிம்மதி போய்விட்டது.

என் ஆபீசில் சாஜிதா பேகம் இருக்கிறாள், கணக்குப் பிரிவில் என் பக்கத்து மேசை. அவள் போனிலும் உன்னுடைய அதே ஏஐ இருக்கிறது. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அதுகிட்டயே கேட்டுப்போடலாமுங்க்கா, பயமா என்ன?" என்றாள். நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். 'எனக்குக் கல்யாணம். அக்காவுக்கு விவாகரத்து ஆகிவிட்டது. அக்கா இணைச்சீருக்கு நிற்கலாமா?' உன் இடத்தில் நின்று கேட்டேன்.

அது என்ன சொன்னது தெரியுமா? வழக்கம் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும், கூடாது என்று உறுதியாகத் தன்னால் சொல்ல முடியாது, வீட்டுப் பெரியவர்களையும் சீர் நடத்தும் அருமைக்காரரையும் விசாரியுங்கள் என்றது. அதற்கெல்லாம் முன்னால் ஒரு வரி. 'முதலில் உங்கள் அக்காவிடமே கேளுங்கள், அவருக்கு இது எவ்வளவு முக்கியம் என்று அவர்தான் சொல்ல முடியும்.' சாஜிதா அதைச் சத்தமாகப் படித்தாள். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஆளுக்கு ஒரு பதில் சொல்லுமா என்று அவளிடம் கேட்டேன். கேட்கிற விதத்தைப் பொறுத்து மாறலாம் என்றாள். அதனால் உன்னைப் பொய்யன் என்று உடனே சொல்லவில்லை. நீ என்ன கேட்டாய் என்று கேட்கிறேன். அது சொன்ன பதில் எனக்கு வேண்டாம். நீ தட்டிய கேள்வி என்ன?

போகிற போக்கில் என் முழங்கால் வலிக்கும் ஒன்று கேட்டுக்கொண்டேன். உட்கார்ந்தபடியே செய்ய ஒரு பயிற்சி சொன்னது. செய்கிறேன், கொஞ்சம் தேவலை. ஆகவே அதனோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அதன் மேல் பழியைப் போட்டுவிட்டு நீ ஒதுங்கிக்கொள்ள முடியாது.

இன்னொன்று. சபையில் கேட்பார்கள், சபையில் கேட்பார்கள் என்கிறாயே, கேட்கப்போவது யார்? திருமூர்த்தி வீட்டாருக்குத்தானே பயப்படுகிறாய்? அவர் வீட்டுக்குப் போ. நேரில் போ. என் பேரைச் சொல்லி, 'எங்க அக்கா இணைச்சீருக்கு நிக்கலாமுங்களா' என்று கேள். அவர் கூடாது என்றால் நான் வாயைத் திறக்கமாட்டேன், ஹர்ஷிணியே நிற்கட்டும். மிளகாயை எடுத்துக்கொண்டு அவர் பேரைச் சொல்லக் கோயிலுக்குப் போய்விடுவேன்.

பிரியா


சிங்காநல்லூர்,
28.10.2025

அக்காவுக்கு,

எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து இது நாலாவது தாள்.

நேற்று மதுக்கரைக்குப் போனேன். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே போகாமல் வெகுநேரம் நின்றேன். அக்ஷிதாவின் அம்மா பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். காபி வந்தது. குடிக்க முடியவில்லை. நீங்கள் எழுதிக்கொடுத்ததை அப்படியே கேட்டேன்.

திருமூர்த்தி மாமா பேப்பரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏனுங்க மாப்ளே, இதக் கேக்கறதுக்கா இத்தன தூரம் வந்தீங்க? உங்க அக்கா நிக்காம வேற ஆரு நிப்பாங்க?" என்றார்.

"சபையில யாராச்சும் ஏதாச்சும்..." என்று இழுத்தேன்.

"ஆரு என்ன சொல்றதுங்க? எங்க பெரிய பொண்ணுக்கும் அப்படித்தான், விவாகரத்து ஆயிப் போச்சு. எங்க பையன் கல்யாணத்துல அதுதானுங்க இணைச்சீருக்கு நின்னுது" என்றார் அத்தை. உள்ளே போய் ஒரு பையை எடுத்து வந்தார். அரக்குக் கலர் பட்டு, மாம்பழ மஞ்சள் பார்டர். "உங்க அக்காவுக்குன்னு போன மாசமே எடுத்து வெச்சாச்சுங்க. ரவிக்கை தைக்க அளவு வேணும்னு அக்ஷிதா கேட்டுட்டே இருக்குது, நீங்கதான் பிடி குடுத்தே பேசறதில்லையாமா."

அக்ஷிதா கதவோரம் நின்றிருந்தாள். "ஹர்ஷிணி நிக்கறாங்கன்னு நீங்க சொன்னப்ப, உங்க அக்காவே வேண்டாம்னுட்டாங்களாட்டம் இருக்குதுன்னு நெனச்சேனுங்க" என்றாள். அவளிடம் உண்மையை இன்னும் சொல்லவில்லை.

அம்மாவிடமும் நான் கேட்டதில்லை. உங்களுக்கு விருப்பமில்லை என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில். முதல் முறை நான் கேட்டபோது எனக்கும் அது அதையேதான் சொன்னது, அக்காவிடமே கேளுங்கள் என்று. அதற்குப் பிறகு நான் தட்டியது இதுதான்: 'அதெல்லாம் வேண்டாம். அக்கா நிற்கக்கூடாது என்று முடிவாகிவிட்டது. மனம் நோகாத மாதிரி எழுதிக்கொடு.'

அந்தப் பன்மையில் வேறு யாரும் இல்லை அக்கா. மிளகாயை என் பேரிலேயே அரையுங்கள்.

கிருபா


ஆனைமலை,
1.11.2025

கிருபா,

ஆக, ஊர் சொல்லவில்லை. பெண் வீட்டார் சொல்லவில்லை. அம்மா சொல்லவில்லை. அந்த மிஷின்கூடச் சொல்லவில்லை. நீ ஒருத்தன் சொன்னாய்.

திருமூர்த்தி கூடாது என்று சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. வெளியார் சொல்லும் சொல்லைத் துடைத்துப் போட்டுவிட்டு நடக்க ஆறு வருடத்தில் நன்றாகப் பழகிவிட்டேன். என்னைப் பார்த்து வெட்கப்பட்டது நீ. என் பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்த அதே நீ. அன்றைக்கே உனக்கு அந்த வெட்கம் இருந்ததா, பெரிய இடத்தில் பெண் நிச்சயமான பிறகு வந்ததா என்று யோசித்து யோசித்துத் தூக்கம் போனதுதான் மிச்சம். பதில் எழுதாதே. உனக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

நேற்று மாலை மிளகாயை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். அம்மியின் முன்னால் உட்கார்ந்தேன். எனக்கு முன் ஒரு பெண் அழுதுகொண்டே அரைத்துவிட்டு எழுந்தாள். என் முறை வந்தது. கிருபாசங்கர் என்று உன் பேரை அம்மனிடம் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். எழுந்து வந்துவிட்டேன். அந்த மிளகாயில் இன்று காலை சட்னி அரைத்தேன். சாஜிதா நல்ல காரம் என்றாள்.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அரைக்க வரவில்லை, அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு வருகிறேன். இணைச்சீருக்கு நிற்கிறேன். நீ கூப்பிட்டதற்காக இல்லை, நீ இன்னும் கூப்பிடவே இல்லை. கடிதத்தை எடுத்துப் பார், எங்கேயாவது 'இணைச்சீருக்கு வாங்க்கா' என்று எழுதியிருக்கிறாயா? அது என் இடம் என்பதால் வருகிறேன். அம்மாவிடம் நீ சொன்ன பொய்யை நீயே போய்த் திருப்பிச் சொல். ஹர்ஷிணியிடமும் நேரில் போய்ச் சொல், மெசேஜ் அனுப்பினாய் என்று தெரிந்தால் நடப்பதே வேறு. அக்ஷிதாவுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் உண்மை தெரிய வேண்டும். ரவிக்கை அளவை நான் அவளுக்கே அனுப்பிவிட்டேன்.

கோபத்தோடுதான் மேடை ஏறுவேன். போட்டோவில் என் முகம் எப்படி இருந்தாலும் யாரும் சிரிக்கச் சொல்லக் கூடாது. நன்றி, பெருமை, அரவணைப்பு என்று உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததோ, 'தாங்கள்' என்று ஒரு தரம் சொன்னாயோ, ஆயிரம் பேர் பார்க்கச் சேலை முனையை விட்டுவிட்டு இறங்கிப் போய்விடுவேன். செய்வேனா மாட்டேனா என்று உனக்குத் தெரியும்.

அதனால் பேசாமல் நில். உன் பக்கத்து முனையை இறுக்கிப் பிடித்துக்கொள்.

அக்கா