ஒன்று குறைகிறது

இன்று திருத்திய விடைத்தாளில் ஒரு பிள்ளை தொண்ணூற்றொன்று என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனையை மூடி வைத்துவிட்டேன். உன்னோடு கதைக்க வேண்டும் போலிருந்தது.

அது என்னுடைய பழைய பிழை. யுரேனியம் இருநூற்று முப்பத்தைந்தில் ஒரு நியூத்திரன் மோதுகிறது. அது பேரியம் நூற்று நாற்பத்தொன்றாகவும் பெயர் தெரியாத இன்னொன்றாகவும் பிளந்து மூன்று நியூத்திரன்களை வெளியே விடுகிறது. இரண்டு பக்கமும் சமன் செய்தால் அந்த இன்னொன்று கிரிப்தன் தொண்ணூற்றிரண்டு. எனக்கு மட்டும் எப்போதும் ஒன்று குறையும். மோத வந்த நியூத்திரனைக் கூட்ட மறந்துவிடுவேன்.

"எடி விசரி, இவ்வளவு கூத்துக்கும் காரணமே அதுதான். அதை விட்டிட்டு எண்ணுறாய்" என்பாய்.

மருதனார்மடத்து ரியூட்டரி வகுப்பில், சண்டைக்குப் பயந்து ஒவ்வொருவராக ஊரைவிட்டுப் போய்விட, பௌதிகவியலுக்கு ஏழு பெட்டைகள்தான் மிஞ்சியிருந்தோம். நீ புத்தூரிலிருந்து சைக்கிள் மிதித்து வருவாய். குண்டு போடும் பொம்மர் வானத்தில் இரைந்தால் பின்வளவில் வெட்டியிருந்த பதுங்குகுழிக்கு, அந்தப் பங்கருக்குள் ஓடுவோம். உள்ளே பகலிலும் இருட்டு. தலை தலையாகத் தொட்டு எண்ணுவது என் வேலை.

"ஐயோ, ஒராள் குறையுது" என்று பதறுவேன்.

"உன்னை எண்ணினியோ?" என்று இருட்டுக்குள்ளிருந்து கேட்பாய். எல்லோரும் சிரிப்பார்கள். மேலே அது சுற்றிக்கொண்டிருக்கும்போதே சிரித்தோம். 

அன்று பின்னேரம் பொம்மர் வழமையைவிடப் பதிவாக, பனை உயரத்துக்குத் தாழ்ந்து வந்தது. நீ என் பின்னால்தான் ஓடி வந்தாய். உன் செருப்புச் சத்தம் கேட்டது. பங்கருக்குள் குதித்ததும் நிலம் ஒருமுறை தூக்கிப் போட்டது. வாயெல்லாம் மண். இன்றைக்கும் உன்னிடம் பேச்சு வாங்கக்கூடாது என்று, முதலில் என் நெஞ்சைத் தொட்டு ஒன்று என்று தொடங்கினேன். ஆறில் நின்றது.

"ஒராள் குறையுது" என்றேன்.

வழக்கம்போல் சிரித்தார்கள். "உன்னை எண்ணினியோ?" என்றது ஒரு குரல்.

"ஓம். இண்டைக்கு முதல்ல என்னைத்தான் எண்ணினனான்."

சிரிப்பு நின்றது. அந்தக் கேள்வியைக் கேட்டது உன் குரல் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இப்போது நானும் பௌதிகவியல்தான் படிப்பிக்கிறேன். கரும்பலகையில் பிழை விடுவதில்லை. ஆனால் பஸ்ஸிலோ வீட்டிலோ ஆட்களை எண்ணும்போது வேண்டுமென்றே என்னை விட்டுவிட்டு எண்ணுகிறேன். ஒன்று குறைந்தால், நீ கேட்பாய் என்று ஒரு நப்பாசை.